சர்வரின் வாயைக் கட்டாதீர்கள்

“மடல் திரும்பி வரவில்லையே, அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?”

இந்த வாக்கியத்தை நம் நாட்டுக் கல்வி நிறுவன அலுவலகம் ஒன்றில் ஒருமுறையேனும் கேட்டிராத ஆய்வு மாணவர் அரிது. சொல்பவர் மீது குற்றமில்லை. மின்னஞ்சலின் இலக்கணம் உண்மையில் அதைத்தான் சொல்கிறது: சேராத மடல் திரும்பும், திரும்பாத மடல் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த இலக்கணம் இன்று பல அலுவலகங்களில் செல்லுபடியாவதில்லை. மடல் திரும்புகிறது. திரும்பிய செய்தியைச் சொல்ல சர்வர் ஓர் அறிக்கையும் எழுதுகிறது. அந்த அறிக்கையை வாசலில் நிற்கும் ஆன்ட்டிவைரஸ் வடிகட்டி பிடித்து அடைத்துவைத்துவிடுகிறது. அலுவலருக்கு மிஞ்சுவது மௌனம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. மின்னஞ்சல் நெறிமுறைகளை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு அது உடன்பாடில்லை. தன் தோல்வியைத் தானே அறிவிக்கும் ஓர் அமைப்பின் வாயைக் கட்டிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுகிறோம். பொதுப் பணத்தில் விலை கொடுத்து வாங்கிய பொய் அது.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி 821 என்னும் ஆவணமே இன்றைய மின்னஞ்சல் நெறிமுறையின் அடித்தளம். 2008இல் ஜான் கிளென்சின் தொகுத்த ஆர்.எஃப்.சி 5321 வரை அதில் எத்தனையோ திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. ஒரு விதி மட்டும் அசையவில்லை. ஒரு சர்வர் மடலை வாங்கிக்கொண்டு 250 என்ற எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட்டால், அக்கணம் முதல் அம்மடலுக்கு அதுவே பொறுப்பு. உரியவரிடம் சேர்க்க வேண்டும். இயலாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிப்படையாகத் தீங்கு நோக்கமுள்ள மடல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கையும் மிகுந்த எச்சரிக்கையோடுதான் ஆவணம் அளிக்கிறது. நம் தபால்காரர் “முகவரிதாரர் இல்லை” என்று உறையின் மேல் எழுதித் திருப்புகிறாரே, அதே நாணயம். அனுப்பியவர் முகவரியும் புலப்படாத கடிதங்களுக்கென்று அஞ்சல் துறை தனி அலுவலகமே வைத்திருக்கிறது. கடிதம் காற்றில் கரைந்துவிடக் கூடாது என்பதில் அந்தத் துறைக்கு இருந்த பிடிவாதம் மின்னஞ்சலை வடிவமைத்தவர்களுக்கும் இருந்தது.

இந்தத் திரும்பல் அறிக்கைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் அதைத் தடுப்பதன் கொடுமை விளங்கும். அறிக்கையின் மேலுறையில் அனுப்புநர் முகவரி வேண்டுமென்றே வெறுமையாக விடப்படுகிறது. காரணம் எளிது. அறிக்கையும் சேராமல் போனால் அதற்கு ஓர் அறிக்கை, அதுவும் சேராவிட்டால் மற்றோர் அறிக்கை என்று இரண்டு சர்வர்கள் முடிவின்றிப் பந்தாடிக்கொண்டிருக்கும். அதைத் தவிர்க்கவே திரும்பல் அறிக்கைக்குத் திரும்பல் கிடையாது என்று வகுத்தார்கள். ஆகவே அவ்வறிக்கைதான் அம்மடலைப் பற்றிய கடைசிச் சொல். சாதாரண மடல் ஒன்றை வடிகட்டி தவறாகத் தடுத்தால் யாராவது மீண்டும் எழுதுவார்கள், தொலைபேசியில் கேட்பார்கள். அறிக்கையைத் தடுத்தால் கேட்க ஆளே இல்லை. அறிக்கை வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது.

வடிகட்டி ஏன் தன் வீட்டு அறிக்கையைக் கடிக்கிறது? அறிக்கை என்பது இயல்பிலேயே மோசமான செய்திகளின் தொகுப்பு. எந்த மடல் மறுக்கப்பட்டதோ அதன் பகுதியையோ முழுமையையோ அறிக்கை தன் வயிற்றில் சுமந்துவருகிறது. மறுக்கப்பட்ட மடலில் ஐயத்துக்குரிய இணைப்புக் கோப்பு இருந்தால் அறிக்கையிலும் அது இருக்கும். எந்த விதி மூல மடலைப் பிடித்ததோ அதே விதி அறிக்கையையும் பிடிக்கும். அன்றாடப் பதிவேடுகளைச் சுருக்கித் தரும் லாக்வாட்ச் போன்ற நிரல்களின் மடல்களுக்கும் இதே கதிதான். “நேற்று இன்னின்ன மோசடித் தளங்களிலிருந்து வந்தவற்றை மறுத்தேன்” என்று சர்வர் பட்டியல் போடுகிறது. பட்டியலில் மோசடித் தளங்களின் பெயர்கள் இருப்பதால் அந்தப் பட்டியலே மோசடி மடல் என்று முத்திரை பெறுகிறது. திருடர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்ததற்காகக் காவல் நிலைய எழுத்தரைச் சிறையில் தள்ளுவது போன்றது இது.

டிமார்க் அறிக்கைகளின் நிலை இன்னும் வேடிக்கையானது. நம் நிறுவனத்தின் பெயரைப் போலியாகப் பயன்படுத்தி யாரேனும் மடல் அனுப்புகிறார்களா என்பதை உலகின் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் நமக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு அது. 2015இல் ஆர்.எஃப்.சி 7489 ஆக வெளிவந்தது. வழக்கமாக நாளுக்கு ஒன்று வரும், சுருக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல் கோப்பாக வரும்; கோப்பின் பெயரில் அனுப்பும் நிறுவனம், நம் டொமைன், தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகியவற்றுக்கு நடுவே வியப்புக்குறிகள் நிற்கும். ஜிப் கோப்பு, விநோதமான பெயர், முன்பின் எழுதியிராத தானியங்கி முகவரி. வடிகட்டிக்கு வேறென்ன வேண்டும்? போலிகளைப் பற்றி எச்சரிக்க வந்த அறிக்கை, போலி என்று ஐயுறப்பட்டு வாசலிலேயே மாள்கிறது.

இதன் விலையை நான் பார்த்திருக்கிறேன். வட இந்தியாவில் நான் பயிலும் பல்கலைக்கழகத்தில் என் சக ஆய்வாளர் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தேர்வுப் பிரிவு புறத்தேர்வாளருக்கு அழைப்புக் கடிதத்தையும் ஆய்வுச் சுருக்கத்தையும் கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பாக அனுப்பியது. முகவரியில் ஓர் எழுத்து பிழை. எதிர்முனைச் சர்வர் அப்படியொரு பயனர் இல்லை என்று அந்நொடியே மறுத்துவிட்டது. எங்கள் சர்வரும் தன் கடமையைச் செய்தது: 5.1.1 என்ற குறியீட்டோடு, மூல மடலையும் இணைத்து அறிக்கை எழுதியது. அந்த அறிக்கை தேர்வுப் பிரிவின் அஞ்சல்பெட்டிக்குப் போகும் வழியில் இன்னொரு பாதுகாப்புப் பெட்டி இருந்தது. கடவுச்சொல் இட்ட கோப்பைத் திறந்து சோதிக்க இயலாது, சோதிக்க இயலாதது ஆபத்து, ஆபத்து குவாரன்டைனுக்கு. அப்படித் தடுத்த செய்தி போஸ்ட்மாஸ்டர் என்ற பொதுப் பெட்டிக்குப் போயிற்று. அந்தப் பெட்டியைத் திறக்கும் பணி எவர் பெயரிலும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

நான்கு மாதங்கள். தோழி கேட்கும்போதெல்லாம் “தேர்வாளர் பதில் தரவில்லை, காத்திருங்கள்” என்றார்கள். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது; விடுதி அறையைக் காலிசெய்யச் சொல்லி ஓலை வந்தது; பட்டம் கையில் இருந்தால் மட்டுமே விண்ணப்பிக்கக்கூடிய ஆசிரியர் பணிக்கான கடைசி நாள் கடந்து போனது. அந்தப் பேராசிரியருக்கோ இப்படி ஓர் ஆய்வேடு இருப்பதே தெரியாது. பிறகு ஒரு கருத்தரங்கில் அவரைத் தற்செயலாகச் சந்தித்த வழிகாட்டி கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குவாரன்டைனில் அந்த அறிக்கை தேடப்பட்டதா என்றால், அதுவும் இல்லை. முப்பது நாளில் தானாக அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தவறு எதுவும் பதிவாகவே இல்லையே!

வடிகட்டியை ஆதரிப்பவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2004 ஜனவரி இறுதியில் உலகைக் கலக்கிய மைடூம் என்ற புழு, திரும்பல் அறிக்கையின் வேடத்தில்தான் வந்தது. “மெயில் டெலிவரி சிஸ்டம்”, “மெயில் டிரான்ஸாக்‌ஷன் ஃபெயில்ட்”, ஏன், “சர்வர் ரிப்போர்ட்” என்றே அது தலைப்பிட்டுக்கொண்டது. தம் மடல் திரும்பிவிட்டதோ என்று பதறி இணைப்பைத் திறந்தவர்கள் சிக்கினார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக்.எஃப், அனுப்புநர் முகவரியைப் போலியாக இட்டுக்கொண்டது. அன்றைய ஆன்ட்டிவைரஸ் வாயில்கள் “நீங்கள் அனுப்பிய மடலில் வைரஸ் உள்ளது” என்று அந்தப் போலி முகவரிக்குரிய அப்பாவிகளுக்கு அறிக்கை எழுதித் தள்ளின. புழுவால் வந்த குப்பையோடு, புழுவைப் பிடித்ததாக மார்தட்டிய அறிக்கைகளின் குப்பையும் சேர்ந்தது. ஆக, அறிக்கைகள் மீது உலகுக்கு ஐயம் பிறந்ததில் நியாயம் இருக்கிறது. அந்தக் குப்பையில் ஒரு பங்கை ஆன்ட்டிவைரஸ்காரர்களே கொட்டினார்கள் என்பதையும் உடன் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வாதம் எதை நிறுவுகிறது? வெளியிலிருந்து வரும் அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்பதை மட்டும். நம் சர்வர் தன்னுள்ளேயே எழுதிய அறிக்கையை ஐயுறுவதற்கு அதில் ஆதாரம் இல்லை. மைடூம் எந்தச் சர்வரின் உள்ளிருந்தும் எழுதப்படவில்லை; நோயுற்ற கணினிகளிலிருந்து வந்தது. வெளி அறிக்கைகளைச் சோதிக்கவும் வழி உண்டு. நாம் அனுப்பும் ஒவ்வொரு மடலின் மேலுறை முகவரியிலும் காலக்கெடுவுள்ள ஒரு ரகசியக் குறியைச் சேர்த்துவிட்டால், உண்மையான திரும்பல் அந்தக் குறியோடு வரும். போலித் திரும்பல் குறியின்றி வந்து மாட்டிக்கொள்ளும். பி.ஏ.டி.வி. என்று இதற்குப் பெயர். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிராத ஆலோசகர்களும் நம் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு உபதேசம் செய்கிறார்கள்.

சிக்கல் வெளிப்பட்டவுடன் நம்மவர்கள் எடுக்கும் மாற்று மருந்து நோயைவிடக் கொடியது. “நம் டொமைனிலிருந்து வருவது எதையும் தடுக்காதே” என்று வெள்ளைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அனுப்புநர் முகவரி என்பது எவரும் எழுதக்கூடிய வெறும் எழுத்து. உங்கள் துணைவேந்தர் பெயரில், உங்கள் டொமைன் முகவரியில், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் மடல் எழுதலாம். அந்த ஒரு வரி அவருக்குச் சிவப்புக் கம்பளம். இரண்டு வாரத்தில் கணக்குப் பிரிவுக்குப் போலி மடல் வரும். யாரோ கடவுச்சொல்லைத் தட்டுவார்கள். உடனே அந்த வரியை அழித்துவிட்டு முன்னைவிட இறுக்கமாகப் பூட்டுவார்கள். அறிக்கைகள் மீண்டும் சிறைக்குப் போகும். எல்லாவற்றையும் அடைப்பது, எல்லாவற்றையும் திறப்பது என்ற இரண்டு மூடத்தனங்களுக்கு நடுவே ஊசலாடுவதையே நம் அலுவலகங்கள் நிர்வாகம் என்று நினைக்கின்றன.

விலக்கு அளிக்க வேண்டியது பெயருக்கு அல்ல, பாதைக்கு. இந்த ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் அரை நாள் வேலை. உள்ளே பிறந்த அறிக்கை, வெளியார் மடல் நுழையும் வாயில் வழியாக வருவதே இல்லை. அது எந்தச் செயல்முறையால் எழுதப்பட்டது, எந்த உள் முகவரியிலிருந்து, எந்தப் போர்ட் வழியாக அடுத்த பெட்டிக்குச் சென்றது என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியும். இவற்றை வெளியார் எவரும் நடிக்க முடியாது. அறிக்கைகளுக்கென்று ஒரு தனி உள்வழியை ஒதுக்கி, அந்த வழியில் குறிப்பிட்ட சர்வர் மட்டுமே சான்றிதழோடு இணையலாம் என்று வைத்து, வெற்று அனுப்புநரோடு வரும் அறிக்கையை மட்டும் அங்கே சோதனையின்றி விட வேண்டும். உள்ளே வேறொரு கணினி நோயுற்றால் அதன் மடல் இந்தச் சலுகையைப் பெறாது.

“சோதனையின்றி விட்டால் அறிக்கையின் வயிற்றிலிருக்கும் வைரஸ் என்னாவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயிற்றை வெறுமையாக அனுப்புங்கள் என்பதே விடை. அறிக்கையில் மூல மடலின் தலைப்பு வரிகள் மட்டும் போதும். முழு மடலும் இணைப்பும் தேவையில்லை. தலைப்பு வரிகளை மட்டும் திருப்பியனுப்புவதற்கு நெறிமுறையிலேயே இடமுண்டு. யாருக்கு, எப்போது, எந்தப் பொருளில் அனுப்பிய மடல், ஏன் சேரவில்லை: தேர்வுப் பிரிவு அலுவலருக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும். தான் அனுப்பிய ஜிப் கோப்பு அவரிடமே இருக்கிறது. பாதை அறியப்பட்டது, சுமை அகற்றப்பட்டது என்றால் வடிகட்டி முகர்ந்து பார்க்க அங்கே எதுவும் மிஞ்சாது.

இவை எதுவும் என் கண்டுபிடிப்பு அல்ல. வீட்சா வெனிமா உருவாக்கிய போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளில், தானே எழுதும் திரும்பல்களையும் அறிவிப்புகளையும் உள்ளடக்கச் சோதனைக்கு உட்படுத்தலாமா என்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: இன்டர்னல் மெயில் ஃபில்டர் கிளாசஸ். அதன் இயல்பு மதிப்பு வெறுமை. அதாவது, நீங்கள் வலிந்து சொன்னாலொழிய அது தன் அறிக்கைகளைச் சோதனைக்கு அனுப்பாது. அப்படிச் சோதிப்பது பொதுவாகப் பாதுகாப்பானதன்று என்று கையேட்டிலேயே எச்சரித்தும் இருக்கிறார்கள். எழுதியவர்கள் கவலைப்பட்டுப் பூட்டிவைத்த கதவு அது. அதற்குப் பின்னால் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, முன்னது தவிர்த்ததைப் பின்னது செய்யும்படி விட்டுவிடுகிறோம். இரண்டு பெட்டிகளையும் சேர்த்து யோசிக்கும் பொறுப்பு எந்த ஒப்பந்தத்திலும் யாருக்கும் எழுதப்படவில்லை.

ஏன் எழுதப்படவில்லை? பாதுகாப்புப் பெட்டியின் வெற்றி அது தடுத்தவற்றின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. மாதாந்திரக் கூட்டத்தில் வண்ண வரைபடத்தோடு காட்டப்படும் அந்த எண்ணில், தடுக்கப்பட்ட சொந்த அறிக்கைகளும் சேர்ந்தே இருக்கின்றன. தவறு செய்யச் செய்யப் புள்ளிவிவரம் அழகாகிறது. வேடிக்கை என்னவென்றால், நான் பார்த்தவரையில் அந்த வடிகட்டி தன்னைப் பற்றித் தானே அனுப்பும் வாராந்திரப் புகழ் அறிக்கை மட்டும் ஒருமுறைகூடத் தடுக்கப்பட்டதில்லை. பாதை வழி விலக்கு என்பது எப்படி என்று அதை விற்றவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

1986இல் எர்நெட் தொடங்கப்பட்ட காலத்தில் இந்நாட்டில் மின்னஞ்சலை முதலில் கையாண்டவை கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்தாம். சர்வர் அறிக்கையைக் காலையில் முதல் வேலையாகப் படிக்கும் ஆள் அன்று இருந்தார். இன்று அந்த நாற்காலி ஒப்பந்தப் பணிக்குப் போய்விட்டது. போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரியை ஒவ்வொரு சர்வரும் வைத்திருந்தே தீர வேண்டும் என்பது நெறிமுறை. அதைப் படிக்க ஓர் ஆளை வைத்திருக்க வேண்டும் என்பது பொது அறிவு என்று கருதி விட்டுவிட்டார்கள் போலும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13, மின்னணு ஆவணம் எப்போது அனுப்பப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதை வரையறுக்கிறது: அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயுள்ள கணினி வளத்துக்குள் அது நுழையும்போது. எதிர்முனை வாசலிலேயே மறுத்த மடல் எங்கும் நுழையவில்லை. ஆக, என் வாசிப்பில், கோப்பில் “அனுப்பப்பட்டது” என்று எழுதியதே பொய்யாகிறது. அதைப் பொய் என்று காட்டக்கூடிய ஒரே சான்று குவாரன்டைனில் முப்பது நாள் ஆயுளோடு கிடக்கிறது.

அடுத்தது, செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். “கவனத்துக்கு வந்த” என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரோ ஓர் ஆசிரியரின் கணக்கு களவுபோய் அதிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மடல் பாய்கிறது என்றால், முதலில் அலறுவது சர்வரின் அறிக்கைதான்: ஒரே முகவரிக்குத் திரும்பல்கள் குவியும். அந்த அலறலை வடிகட்டி விழுங்கிவிட்டால் 6 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கவே தொடங்காது. அறியாமை இங்கே நிர்வாகத்துக்கு வசதியாகக்கூட அமைந்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, இதைச் சரிசெய்ய எழுதும் கடிதங்களுக்கு அவ்வளவு எளிதில் பதில் கிடைப்பதில்லை.

உங்கள் நிறுவனத்தின் நிலை என்ன என்று அறிய எந்த அனுமதியும் தேவையில்லை. வெற்றுக் கோப்பு ஒன்றைக் கடவுச்சொல் இட்ட ஜிப்பாக்கி, உங்கள் அலுவலக முகவரியிலிருந்து, “.இன்வாலிட்” என்று முடியும் ஏதேனும் ஒரு முகவரிக்கு ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்புங்கள். அந்த முடிவு கொண்ட டொமைன் ஒருபோதும் உருவாகாது என்று 1999இலேயே ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஆகவே மடல் சேர வழியே இல்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை. சில நிமிடங்களில் திரும்பல் அறிக்கை உங்கள் பெட்டிக்கு வர வேண்டும். மறுநாள் வரையிலும் வராவிட்டால், அனுப்பிய நேரத்தைக் குறித்து, அறிக்கை எங்கே என்று கணினி மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்க வேண்டாம். தாளில் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.